பதினேழாம் காற்றாலையும் அகாயின் வாயும்

துர்கானா ஏரிக்குக் கிழக்கே இருக்கும் ஒரு காற்றாலைப் பண்ணையில் அகாய் மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம். ஆடு மேய்த்தபோது ஆடுகளைத் திட்டினாள். இந்த வேலைக்கு வந்தபின் காற்றையும் மேலதிகாரிகளையும் சேர்த்துத் திட்டினாள்.

பதினேழாம் காற்றாலை நாலு வருடத்தில் இரண்டு கியர்பாக்ஸைத் தின்றிருந்தது. மூன்றாவதும் முனகத் தொடங்கியதும் நைரோபியிலிருந்து கிதின்ஜி என்ற இளம் இன்ஜினியர் லேப்டாப்போடு வந்து இறங்கினான்.

"காத்து சராசரி அருமையா இருக்குக்கா. நீங்கதான் கிரீஸ் ஒழுங்கா வைக்கல."

அகாய்க்குச் சுர்ரென்று ஏறியது. "சராசரி பாத்தா என் புருஷன்கூட தங்கம்தான். பத்து நாள் வாயே தொறக்க மாட்டான், பதினோராம் நாள் பானையைத் தூக்கி வீசுவான். பானை தப்பிக்குமா?"

காற்றை அளக்கும் கம்பம் ஒரு பாறை முகட்டுக்கு முன்னால் வெட்டவெளியில் நின்றது. பதினேழு நின்றதோ முகட்டுக்குப் பின்னால். தென்கிழக்குக் காற்று பாறையில் மோதி, அந்தப் பக்கம் குப்புற விழுந்து உருளும். ஒரு இறக்கையை அறையும், அடுத்ததைச் சீண்டாது. அங்கே குடிசை போட எந்தக் கிறுக்கனும் துணிந்ததில்லை என்றாள் அகாய்.

"இதெல்லாம் டேட்டா இல்லக்கா."

"மேல வா, தரேன்."

காலையில் காற்று லேசாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருவரும் உச்சிக்கு ஏறினார்கள். அரைமணி நேரத்தில் காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. எண்பது மீட்டர் உயரத்தில் இயந்திர அறை ஒரு குலுக்கு குலுங்கியது, நின்றது, பக்கவாட்டில் இன்னொரு குலுக்கு. கிதின்ஜி ஹெல்மெட்டைக் கழற்றி, காலையில் தின்ற மந்தாசிப் பலகாரம் முழுவதையும் அதில் கக்கினான்.

"சராசரி எவ்வளவுப்பா?" என்றாள் அகாய்.

இறங்கியதும் அவன் லேப்டாப்பைத் திறந்தான். பழுதான நேரங்களையும் காற்றின் திசையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முக்கால்வாசியும் தென்கிழக்கு. முகட்டுக்குப் பின்னால் நொடிக்கு நொடி அளக்கும் கருவி வைத்தார்கள். அந்தத் திசையில் காற்று வலுத்தால் பதினேழு தானாக நிற்கும்படி செய்தார்கள். மின்சாரம் குறைகிறதென்று கம்பெனி மூக்கால் அழுதது. ஆனால் அடுத்துப் போட்ட கியர்பாக்ஸ் மூன்று வருடமாக ஓடுகிறது.

கிதின்ஜியின் அறிக்கையில் அகாயின் பெயர் இல்லை. போனில் அவள் விட்ட வசவில் திருத்திய அறிக்கை வந்தது. அதில் 'திரு. அகாய்'.

பதினெட்டும் சீக்கிரம் உடையும் என்று அன்றே அடித்துச் சொல்லியிருந்தாள். அது ஒரு முனகலும் இல்லாமல் ஓடுகிறது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவளுக்குக் காது மந்தமாகிவிடும்.