சேது மாமா எழுந்து போகவில்லை

‘பீப்’ என்று ஒரே ஒரு தடவை. மலையாள நாட்டுக் கரமனையில் என் கடை இருந்த நாளில் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டருக்கு உயிர் வரும்போது ஒற்றை பீப் கேட்டால் எல்லாம் சுகம். யாரும் தொடாமல், விளையாட்டின் நடுவில் திரை இருண்டு அதே பீப் மறுபடி கேட்டால் வியாதி. ஒரே சத்தத்தை இரண்டு விதமாகக் கேட்கத் தெரிவதுதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் பாதி. வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிசிக்ஸ் படித்த நானும் ஸ்குரூ டிரைவர் பிடித்த ஷாஜியும் சேர்ந்து நடத்திய கடை அது. எத்தனையோ பெட்டிகளைத் திறந்து மூடினோம். மறக்க முடியாதது சேது மாமாவின் பெட்டி.

வேட்டியும் ஸ்டியரிங்கும்

சேது மாமா எங்கள் தெருக்காரர், ரிட்டயரான ஆடிட்டர். பேச்சு பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார். கல்யாண வீடானாலும் சரி, கமிட்டி மீட்டிங்கானாலும் சரி. மகன் வெங்கிட்டு அமெரிக்காவில் தானாகப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, அவன் போன் செய்தால் ரெண்டாவது வார்த்தையில் ரிசீவரை வைத்துவிடுவார்.

பிராட்பேண்ட் வந்த புதிதில் வெங்கிட்டு ஒரு நண்பனிடம் கார் ரேஸ் சி.டி.யும் பிளாஸ்டிக் ஸ்டியரிங்கும் கொடுத்தனுப்பினான். ரெடிமேட் எதையும் நம்பாத மாமா, பாகம் பாகமாக வாங்கித் தன் கையால் திருகி ஒரு கம்ப்யூட்டர் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியோடு அப்பா இங்கே, மகன் அங்கே, நடுவில் ரேஸ். பேச்சு கிடையாது, எப்போதாவது அவன் ஒரு வரி டைப் செய்வான், அவ்வளவுதான். இதற்கு எப்படிச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன்.

“போன்னா வெச்சுடலாம். இதுல கையை எடுத்தா வண்டி மோதிடுமே. பய என்னை நன்னாத் தெரிஞ்சு வெச்சிண்டிருக்கான்.”

பல்லி

வந்தது வினை. ரேஸின் நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. மாமா பதறியது கம்ப்யூட்டருக்காக அல்ல. லைன் அறுந்தால், அப்பா வழக்கம்போல் எழுந்து போய்விட்டார் என்றுதான் மகன் நினைப்பான். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது என்று இவர் எழுதினால் சாக்கு என்பான். இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆனால் இதோடு விட்டுவிடலாம் என்று அவன் எழுதியேவிட்டான்.

பெட்டியின் மூடியைக் கழற்றினால் ஓடுகிறது, மூடினால் அணைகிறது. சூடுதான் காரணம் என்று போனிலேயே சொல்லிவிட்டு நேரில் போனேன். அலமேலு மாமி தன் பழைய பட்டுப் பாவாடையில் பெட்டிக்கு உறை தைத்துப் போட்டிருந்தாள், ஜரிகையோடு. காற்று வெளியே போக இடமில்லாமல் உள்ளே விசிறி முனகிக்கொண்டிருந்தது. பின்பக்கமாவது திறந்திருக்க வேண்டும் மாமி என்றேன்.

“திறந்து வெச்சா பல்லி போகாதோ? நீ வந்து பிடிச்சுத் தருவியோ?”

குளிர்ச்சி

உறையை எடுத்துத் தனியாக ஓட்டிப் பார்த்தும் சூடு இறங்கவில்லை. பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினியத்துக்கும் நடுவில் பேஸ்ட் காய்ந்திருக்கும், குளிர்ச்சிக்காகப் போடுவது, புதிதாக ஒரு பொட்டு வையுங்கள் என்று போனில் சொன்னேன். பெட்டி முன்னைவிட மோசமாகி, மாமாவோடு ஆட்டோவில் கடைக்கு வந்தது.

ஷாஜி அலுமினியத்தைக் கழற்றியதும் ஏ.சி. அறை முழுக்கக் கோயில் வாசனை. “சேச்சி, இது சந்தனமல்லே?” என்று மலையாளத்தில் என்னை அக்கா போட்டுக் கேட்டு முகர்ந்து பார்த்தான். சந்தனமேதான். வாழையிலைக் கீற்றில் வந்த பிரசாதம் பிராசசரின் நெற்றியில் காய்ந்து, வயல் மாதிரி வெடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, சரியான பேஸ்ட் போட்டோம். சந்தனமா வைப்பார்கள் என்று மாமாவைக் கேட்டேன்.

“குளிர்ச்சின்னு சொன்னது நீ. சந்தனத்தைவிடக் குளிர்ச்சி ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லு.”

அரை மணி நேரம்

கடையில் பகல் முழுக்க ஓட விட்டோம். ஒரு தடவைகூட அணையவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் மறுபடி அணைந்தது. மிச்சம் ஒரு வாய்ப்புதான் என்று மாமா கணக்குச் சொன்னபோது அந்த ஆடிட்டர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, ரேஸுக்கு முன்னாலேயே போய், மகனைக் கூப்பிடாமல் தனியாக ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வண்டி முதல் வளைவு திரும்பியது. சமையலறையில் கிரைண்டர் ஒரு உறுமல் உறுமியது, தலைக்கு மேல் டியூப் லைட் சிமிட்டியது, பீப். எல்லாம் ஒரே லைன். பெட்டியோடு வந்த சின்ன பவர் சப்ளை அந்த ஒரு இழுப்பைத் தாங்கவில்லை. மாமியிடம் போய், வாரத்தில் எத்தனையோ நேரமிருக்க இப்போதுதான் அரைக்க வேண்டுமா என்றேன்.

“அவர் வாயை மூடிண்டு ஒரே இடத்துல உக்கார்றது இந்த அரை மணிதான். அப்போதான் நிம்மதியா அரைக்க முடியறது.”

ஒரு ரேஸ் முழுக்க

காரணத்தைச் சொன்னதும் மாமி கிரைண்டரை நிறுத்தினாள். இத்தனை நாளாய் அப்பாவையும் மகனையும் அறுத்துவிட்டது தன் கிரைண்டர்தானா என்பதுபோல் மாவையே பார்த்தாள். அன்றைக்கு ரேஸ் இல்லை. நான் எழுதினால் நம்பமாட்டான், நீ எழுது என்று மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். உன் அப்பா ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை, உன் அம்மா தோசைக்கு அரைத்தாள் என்று டைப் செய்தேன்.

அந்த வாரம் கிரைண்டருக்குத் தனி லைன் இழுத்தோம், பெரிய பவர் சப்ளை மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை மாமி எதையும் நம்பாமல் மிக்ஸியைக்கூடத் தொடவில்லை. வெங்கிட்டும் நேரத்துக்கு வந்தான், ரேஸ் கடைசிவரை ஓடியது. மாமா கடைசியாக வந்தார். பிறகு திரையில் ஒரு வரி வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது, நீ படி என்றார்.

“அப்பா, நீங்க முழுசா உக்காந்து தோத்தது இதுதான் முதல் தடவை. அடுத்த ஞாயிறு இதே நேரம்.”

கடையை நான் மூடிவிட்டேன், மாமாவும் போய்விட்டார். மாமி இப்போது வெங்கிட்டு வீட்டில் இருக்கிறாள், அங்கே கிரைண்டருக்கென்று முதலிலேயே தனி லைன் போட்டுவிட்டானாம்.