பத்தி இல்லாமல் எழுதிய பரீட்சை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் 'பத்தி டீச்சர்' என்று பெயர். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வாசிப்புத் தேர்வு வைப்பது அவள் பொறுப்பு. கதை, பாட்டு எல்லாம் மற்றவர்கள் பாடு. மழைமானி எப்படி வேலை செய்கிறது, இரும்புப் பாலம் வெயிலில் ஏன் நீள்கிறது என்று ஏதாவது ஒரு தகவலை எடுத்துப் பத்தியாக எழுதி, அதிலிருந்து நாலு விடை கொடுத்துக் கேள்வி கேட்பாள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. பிள்ளைகளுக்குப் பிடிபடாத வாக்கியத்தை உடைத்து உடைத்து, கைப்பழக்கத்தில் வந்த வேலை.

"என் கேள்விக்குக் குருட்டாம்போக்கில பதில் எழுத முடியாது. பத்தியைப் படிச்சே ஆகணும்" என்று ஆசிரியர் அறையில் அவள் சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

அந்த வருடம் தேர்வுக்கு ஒரு வால் முளைத்திருந்தது. தேறாதவர்கள் அடுத்த வருடம் முழுக்க விளையாட்டு நேரத்தை விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் தனிப்பயிற்சிக்கு உட்கார வேண்டும். அந்த அறைக்குப் போகிற பிள்ளையை மற்றவர்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஏழாம் வகுப்புத் தாள்களைத் திருத்தத் திருத்த டீச்சருக்கு மனம் குளிர்ந்தது. அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையம் பற்றிய பத்தி. கொஞ்சம் கடினமாகிவிட்டதோ என்று அவளே பயந்திருந்தாள். வகுப்போ வெளுத்து வாங்கியிருந்தது. ஒரே ஒரு தாள்தான் காலி. அது 'கூட்ஸ் வண்டி'யின் தாள். எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி மெதுவாகப் படிக்கிற பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. தாளின் நடுவில் அவள் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாள்: 'படிக்க எதுவும் தரவில்லை.'

"திமிரைப் பாரு" என்று முட்டை போட்டுத் தாளைத் தனிப்பயிற்சிப் பக்கம் வைத்தாள் டீச்சர்.

அப்போது அலுவலக உதவியாளர் ஒரு கட்டுத் தாளைத் தூசி தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "டீச்சர், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சு. உங்களோடதா பாருங்க."

அவளுடையதுதான். சுத்திகரிப்பு நிலையப் பத்தி. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று பத்தியை ஒரு தாளிலும் கேள்வியை இன்னொரு தாளிலும் அடிப்பது அவள் வழக்கம். கேள்விக்கட்டு வகுப்புக்குப் போயிருக்கிறது. பத்திக்கட்டு பிரிக்கப்படாமல் இதோ இருக்கிறது.

டீச்சர் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டாள். நேராக வகுப்புக்குப் போனாள்.

"பரீட்சையில பத்தி வரலைன்னு ஏன்டா ஒருத்தரும் சொல்லல?"

வகுப்புத் தலைவி எழுந்தாள். "பத்தி வரலையா டீச்சர்?"

கிண்டல் இல்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். அதுதான் டீச்சருக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

"பத்தி இல்லாம எப்படி எழுதினீங்க?"

"ஈஸி டீச்சர்" என்றது பின் வரிசை. "நாலு விடையில எது நீளமோ, அதான் சரி."

"கடைசி விடை எப்பவும் காமெடி டீச்சர். 'தண்ணீரை அலங்கரிக்க'ன்னு போட்டிருந்தீங்களே!"

"'மட்டுமே'ன்னு வந்தா அது தப்பு. எங்கக்கா சொன்னா. அவளும் உங்ககிட்டதான் படிச்சா."

வகுப்பு சிரித்தது. கூட்ஸ் வண்டி மட்டும் சிரிக்கவில்லை. "நான் பரீட்சைக்குக் காவல் இருந்த விளையாட்டு சார்கிட்ட கேட்டேன் டீச்சர். எல்லாரும் எழுதுறாங்க, உனக்கு மட்டும் என்ன கேடுன்னாரு."

டீச்சர் வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் பழைய கேள்வித்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்தித் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, தையல்காரரான கணவரிடம் கேள்வியை மட்டும் படித்தாள். அவர் பொத்தான் தைத்தபடியே சொல்லிக்கொண்டு போனார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஏம்மா, பத்தாவது தாண்டாத எனக்கே இந்த மார்க்குன்னா, நீ இத்தனை வருஷமா எதைத்தான் சோதிச்சே?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

மறுநாள் தலைமையாசிரியர் சமாதானம் சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு மட்டும் இன்னொரு தடவை வெச்சிட்டு விஷயத்தை விடுங்க. இந்த வருஷம்தான் நம்ம தேர்ச்சி நிமிர்ந்து நிக்குது."

"சார், அவ ஒருத்திதான் பரீட்சை எழுதினா. மத்தது எல்லாம் என்னன்னு எனக்கே தெரியல. மூணு வகுப்புக்கும் திருப்பி வைக்கணும்."

"உங்க பேருதான் கெடும்."

"கெட்டுப்போச்சு சார்."

பேரம் பேசி, ஏழாம் வகுப்புக்கு மட்டும் என்று முடிந்தது.

ஒவ்வொரு புதுக் கேள்வியையும் முதலில் பத்தி இல்லாமல் கணவரிடம் கேட்டாள். சரியாகச் சொன்னால் கிழித்துப் போட்டாள். "யார் கண்டா? அந்தத் தொட்டியில வண்டல் எவ்வளவு நேரம் தங்கும்னு நான் கனவா கண்டேன்?" என்று அவர் எரிந்து விழுந்தால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டாள். விடைகளை ஒரே நீளத்துக்கு வெட்டினாள்.

மறுதேர்வின் முடிவைப் பார்த்தபோது முதலில் கூட்டலில் தப்பு என்று நினைத்தாள். மறுபடியும் கூட்டினாள். தலைவியிலிருந்து பின் வரிசை வரை வகுப்பே கவிழ்ந்திருந்தது. கூட்ஸ் வண்டிக்கு நேரம் போதவில்லை. கடைசிக் கேள்விகளைத் தொடவே இல்லை. தொட்டவரை ஒன்றும் தப்பாமல், தேறியது அவள் ஒருத்திதான்.

"இத்தனை பேரை மாடிப்படிக்குக் கீழ எப்படி உட்கார வைக்கிறது?" தலைமையாசிரியர் தலையில் கை வைத்தார்.

"வகுப்பிலேயே இருக்கட்டும் சார். நானே அங்க போய்ச் சொல்லித் தரேன்."

அடுத்த வருடம் முதல் நாள் தனிப்பயிற்சிக்குப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பத்தியைக் கொடுத்து, கேள்வி எதுவும் தராமல், படிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. கையில் பந்தோடு கூட்ஸ் வண்டி.

"உனக்கென்ன இங்க? நீதான் பாஸாச்சே, போய் விளையாடு."

"யாரோட விளையாடுறது டீச்சர்? எல்லாரும் இங்கதானே இருக்காங்க."

"எல்லாம் உன்னாலதான்டி" என்று முணுமுணுத்த தலைவி, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.