குமிழிகள் நின்ற காலை

சென்ற வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் போயிருந்தேன். அக்காவும் மாமாவும் அங்கே இறால் குஞ்சு பொரிக்கும் சின்னப் பண்ணை ஒன்றை நடத்துகிறார்கள். குஞ்சுகள் இருக்கும் தொட்டிகளுக்குள் ப்ளோயர் மூலம் காற்று ஓயாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். காற்று நின்றால் குஞ்சுகள் சிறிது நேரத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

அன்று குஞ்சுகளை ஏற்றிப்போக லோடு ஆட்டோ வந்து நின்றிருந்தது. திடீரென்று அடித்த சூறைக்காற்றில் எங்கோ கம்பம் சாய்ந்து கரண்ட் போனது. தொட்டிகளில் குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அதற்குப் பிறகு வந்த அமைதி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நல்ல ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. திருப்போரூருக்குப் போன மாமா, வழியில் மரம் விழுந்து அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். அக்கா வாளியில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்ற ஆரம்பித்தாள். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். நானும் ஆட்டோ டிரைவரும் கொட்டகையில் வெகுநாளாகச் சும்மா கிடந்த பழைய ஜெனரேட்டரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினோம். கொட்டகையே அதிர்ந்தது. மின்சாரம் வருகிறதா என்று காட்டும் மீட்டர் முள் மட்டும் அசையவில்லை.

"எங்க மச்சான் மாதிரியே கீது இது. சவுண்டுதான், வேல ஒண்ணும் நடக்கல" என்றார் டிரைவர்.

எனக்கு எதையும் வரிசையாகச் சரிபார்த்துப் பழக்கம். டீசல் இருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது. பெல்ட் சரி. ஒயர்கள் இறுக்கமாக இருக்கின்றன. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான்.

நான் படித்தது மின் பொறியியல், வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் முன்னால். எக்ஸைட்டேஷன் என்ற பாடத்தைத் தேர்வுக்காக எழுதியதோடு சரி. தமிழ்ப் புத்தகத்தில் அதற்குக் கிளர்வு என்று பெயர். ஜெனரேட்டரின் இரும்பில் பழைய காந்தம் துளியளவு மிஞ்சியிருக்கும். சுற்றும்போது அது துளி மின்சாரத்தைத் தரும். அந்த மின்சாரம் இரும்பைச் சுற்றியுள்ள காந்தச் சுருள் வழியே போய்க் காந்தத்தை வளர்க்கும், காந்தம் மின்சாரத்தை வளர்க்கும். அந்த முதல் துளி இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒன்றும் வராது. நீண்ட நாள் கிடந்ததில் இந்த இரும்பு அதை இழந்திருந்தது.

"அண்ணா, வண்டி பேட்டரி வேணும்."

"இன்னாம்மா, வெளாடுறியா? இத்தினியூண்டு பேட்டரி இந்த யானைய இழுக்குமா?"

"இழுக்க வேணாம்ணா. தொட்டா போதும்."

"புட்டுகிச்சுன்னா வண்டிய நீதான் தள்ளிகினு வரணும், சொல்லிட்டேன்" என்றார். சொல்லும்போதே ஸ்பேனரை எடுத்துப் பேட்டரியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"சீக்கிரம்டீ, குஞ்செல்லாம் மேல வருது" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அழுகை இருந்தது.

இன்ஜினை நிறுத்தினோம். காந்தச் சுருளின் இரண்டு ஒயர்களையும் பிரித்து, பிளஸ் எது, மைனஸ் எது என்று மறுபடி பார்த்துக்கொண்டு பேட்டரியைத் தொடவைத்தேன். எடுக்கும்போது சின்னப் பொறி பறந்தது. அவ்வளவுதான். ஒயர்களைப் பழையபடி மாட்டினேன். அவர் மறுபடி கைப்பிடியைச் சுற்றினார்.

முள் நடுங்கியது. பிறகு யாரோ கைபிடித்துத் தூக்குவதுபோல் மேலே ஏறியது. டிரைவர் இடுப்பில் கைவைத்து, வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிகளின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின.

கொஞ்சம் குஞ்சுகள் போய்விட்டன. பெரும்பாலானவை தப்பின. அக்கா கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு, ஒரு சொட்டை லென்ஸுக்கு அடியில் வைத்து, "வந்து பாரு" என்றாள். மயிரிழை போன்ற உடல், உள்ளே எல்லாம் தெரிந்தது. தலைக்குப் பின்னால் ஒரு புள்ளி படபடவென்று துடித்தது. அதுதான் இதயம்.

தசை துடிக்கக் காரணமான மின் தூண்டுதலுக்கும், அணுவுக்குள் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவுவதற்கும் இதே கிளர்வு என்ற சொல்லைத்தான் படித்திருக்கிறேன். மூன்றையும் தனித்தனிப் பாடங்களாக எழுதி மதிப்பெண் வாங்கியவள், அன்று லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன். அந்த இரும்பை எழுப்ப ஒரு லோடு ஆட்டோ பேட்டரி போதுமாக இருந்தது. இந்தப் புள்ளியை முதன்முதலில் தொட்டு எழுப்பியது எது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.