பேப்பர் கடைத் தராசில் இருபது கிலோ

“...அத்தெல்லாம் அப்பால பேசிக்கலாம், லைன வச்சிடாத நைனா, அப்டியே இரு, உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு கேக்க வைக்கிறேன்” என்று மஸ்கட்டிலிருந்து கத்தினார் மீன்கார அக்கா. தூரத்துக்குத் தகுந்தபடி கத்தினால்தான் போனில் கேட்கும் என்பது அவருடைய எண்ணம். மந்தைவெளிக்குப் பேசினால் ஒரு குரல், மஸ்கட்டிலிருந்து பேசினால் கடல் தாண்டுகிற குரல். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தேன். அவருடைய வீட்டுக்காரர் காலில் மணலோடு வந்து என் போன் பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை நுழைத்து நின்றிருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் எட்டு நாளாக ஒரே ஒரு சேதிக்காகக் காத்திருந்தோம். அதைச் சொல்வதற்கு முன்னால் அக்கா விமானம் ஏறிய கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் நடந்த தப்பு முழுக்க என்னுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடையாறில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் படிப்பு எட்டாவதோடு சரி. மீதியை டெலிபோன் டைரக்டரியும் போன் பேச வந்தவர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் பில் ரோலைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்த துண்டுகளில் பாதி அக்கா சொன்னவை. பேரம் பேசிவிட்டு வாங்காமல் போன ஒருவரைப் பற்றி, “அவன் மீன் வாங்க வரல நைனா, மீனுக்குத் துக்கம் விசாரிக்க வந்தான்” என்றார் ஒருநாள். அது இன்றும் என்னிடம் இருக்கிறது, மை மங்கி.

அக்காவுக்கு ஊரூர் ஒல்காட் குப்பம். காலையில் கரைக்கு வரும் மீனைக் கூடையில் வாங்கி, அடையாறு வீதிகளில் கூறு கட்டி விற்பார். தராசு வைத்துக்கொண்டதே இல்லை. ஒரே மகளை மஸ்கட்டில் வேலை பார்க்கும் மெக்கானிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். பிரசவத்துக்கே போயிருக்க வேண்டியவர். பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசா வரவில்லை. விசா வருவதற்குள் பேத்தி வந்துவிட்டாள்.

பத்தாம் நாளோ என்னவோ, மகள் என் பூத்துக்குப் போன் செய்தாள். “அம்மா, பால் சொரக்கல. கொழந்தைக்குப் பத்தல. அழுதுகினே கீது” என்று அவளும் அழுதாள். அக்கா ரிசீவரை வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, “பால்சுறா துன்னாதான் சரியாவும். நான் எட்துகினு போறேன்” என்றார், அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி.

பால் சுரக்கப் பால்சுறாக் கருவாடு, பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள். அது அவருடைய அம்மா அவருக்குச் செய்த கணக்கு. அந்த வாரமே விசாவும் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை டிக்கெட்டை அனுப்பினார். அந்தக் காலத்து டிக்கெட் ஒரு குட்டிப் புத்தகம். உள்ளே சிவப்பு மசி கையில் ஒட்டும். ஒரு கட்டத்தில் இருபது என்று போட்டுப் பக்கத்தில் கே என்ற எழுத்து இருந்தது. “கேன்னா கிலோக்கா. இருபது கிலோவுக்கு மேல கொண்டு போனா கிலோவுக்கு இவ்வளவுன்னு தனியாக் கட்டணும்” என்று நான்தான் விளக்கினேன். கட்டணம் எவ்வளவு என்று டிராவல்ஸில் கேட்டுவந்து சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். “வஞ்சரமே அந்த வெலைக்குப் போவாதே!”

தி. நகரில் ஒரு சூட்கேஸ் வாங்கினோம். மயிலாப்பூரில் நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியத்துக்கு வேண்டியதெல்லாம் வாங்கி வீட்டிலேயே கிளறினார். வாடிக்கை வீடுகளில் கேட்டு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவைகளைச் சேர்த்தார், குழந்தைக்கு விரிக்க. பால்சுறாவைக் காகிதத்தில் சுற்றி, பாலிதீனில் சுற்றி, அந்தப் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். அப்படியும் சூட்கேஸ் வாடையாலேயே தன் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

எடை போட வேண்டுமே. தெருமுனையில் பழைய பேப்பர் கடை இருந்தது. உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் பெரிய தராசு. தூக்கி வைத்தோம். கடைக்காரர் கல்லை மாற்றி மாற்றி வைத்து, “கரெக்டா இருபது. நூல் புடிச்ச மாதிரி” என்றார்.

அக்கா சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தார். “இது இருபது இல்ல நைனா. இருபத்தஞ்சுக்கு மேல கீது.”

“தராசு சொல்லுதுக்கா.”

“தராசு சொல்லும். என் கழுத்துக்குத் தெரியாதா?”

“நீங்க சும்மா இருங்கக்கா” என்றேன். படித்தவன் என்கிற நினைப்பு.

மாதா மாதம் வீட்டுப் பேப்பரை அதே கடைக்குப் போடுகிறவன் நான். பத்து கிலோ கொண்டுபோனால் ஏழரை என்பார். “உன் தராசு வாங்கும்போது ஒரு மாதிரி, விக்கும்போது ஒரு மாதிரி” என்று சண்டை போடாத மாதம் கிடையாது. அந்தத் தராசை நம்பித்தான் அக்காவை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தேன். கவுன்டரில் எந்த இடம் வேண்டும் என்று கேட்பார்கள், அப்போது இப்படிச் சொல்ல வேண்டும் என்று. ஒரு வாரம் கூடையோடு தெருத் தெருவாகப் போகும்போது, “சங்கரா, நெத்திலி, எறா” என்று கூவிவிட்டு மெதுவாக, “விண்டோ, நான் ஸ்மோக்கிங்” என்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஏன் வேண்டுமென்றால், விமானங்கள் பெரும்பாலும் குப்பத்து மேலாகத்தான் கடலுக்குள் போகும். “நீ மேல போவ சொல்ல நான் கட்டுமரத்துல நின்னுகினு துடுப்புல செவப்பு லுங்கியக் கட்டி ஆட்டுறேன்” என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். முப்பது வருடத்தில் அந்த மனிதர் அவரிடம் ஆசையாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று அக்கா சொன்னார். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

காலை நேர விமானம். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போய், கவுன்டருக்கு இந்தப் பக்கம் கம்பித் தடுப்போரம் நின்றேன். கழுத்தில் டை கட்டிய பையன்தான் கவுன்டரில். அக்கா பாடத்தை ஒப்பித்தார். அவன் சிரித்துக்கொண்டே போர்டிங் பாஸ் அட்டையில் ஜன்னலோர எண்ணை ஒட்டினான். சூட்கேஸைத் தூக்கி மேடையில் வைத்ததும் சிரிப்பு நின்றது. இருபத்தேழு.

“ஏழு கிலோ ஜாஸ்திம்மா. கட்டணும், இல்லன்னா எடுத்துடணும்.”

“ஏழு கிலோ ஜாஸ்தின்னா, அந்த ஏழு கிலோ எதுன்னு நீயே காட்டு நைனா. பொடவையா, லேகியமா, சுறாவா?”

“அது உங்க இஷ்டம்மா” என்று அட்டையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பையில் இருந்தது திரும்பிப் போகப் பேருந்துக் காசுதான். மேடையிலிருந்து சூட்கேஸை இறக்கி, தடுப்போரம் இழுத்து வந்து, புடவையைச் செருகிக்கொண்டு அந்தப் பளபளத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திறந்தார். சுற்றிலும் நாலு பேர் மூக்கைப் பிடித்தார்கள்.

முதலில் தன்னுடைய புடவைகளை எடுத்துத் தடுப்புக்கு மேலாக என்னிடம் போட்டார். நாலு புடவை, ரவிக்கைகள், எல்லாம்.

“அக்கா, மூணு மாசத்துக்குப் போறீங்க, கட்டினதோடயா?”

“அங்க தண்ணி இல்லியா? தோச்சிக் கட்டிக்கிறேன்.”

அப்படியும் போதவில்லை. குழந்தைப் புடவைகளைத் தொட்டார், வைத்தார். லேகிய டப்பாவைத் தூக்கினார், வைத்தார். கடைசியில் சுறாவை வெளியே எடுத்து, தெருவில் செய்கிற மாதிரியே இரண்டு கூறாகப் பிரித்தார். உள்ளங்கையில் தூக்கி, இதிலிருந்து ஒரு துண்டு அதற்கு, அதிலிருந்து ஒரு துண்டு இதற்கு. “இருவது நாளுக்கு வரும். மீதி இருவது நாளைக்கு இன்னா பண்ணும் அது?” என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார். அந்தக் கை தயங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பின்னால் வரிசையில் ஒருவர் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும், விழுப்புரம் பக்கத்துக் கொத்தனார், விடுப்பு முடிந்து திரும்புகிறவர். கையில் ஒரு சின்னப் பை. “என்னாக்கா, ஏர்போர்ட்லயே கடை போட்டுட்டீங்க?” என்றார்.

“இன்னா, வாங்கிக்கிறியா? முள்ளு கம்மி.”

“வாங்கி எங்க சமைக்கறது, ரூம்ல பன்னெண்டு பேரு.” பிறகு விஷயம் கேட்டார். மகள், குழந்தை, பால். கேட்டுவிட்டு அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. “என் பையி பத்து கிலோகூட வராது. இதுல போடுங்க. நானும் மஸ்கட்டுதான்.”

அக்கா உடனே போடவில்லை. “சும்மா வாங்கி எனக்குப் பழக்கம் இல்ல. உனக்கு இன்னா வேணும், சொல்லு.”

“ஒண்ணும் வேணாங்க்கா.”

“கேளுய்யா, சும்மா.”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கைக்குழந்தையோடு அவர் மனைவி நின்றிருந்தாள். “வேடிக்கை பாக்கற மாடிக்குப் போயி ஏரோப்ளேன் கெளம்பற வரைக்கும் நிக்கறேன்னு சொல்லுது. போன தடவ நடு சீட்டு. ரெண்டு பக்கமும் ஆளு, எட்டிக்கூடப் பாக்க முடியல.”

அக்கா கவுன்டர் பையன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“நைனா, அந்த விண்டோ நான் ஸ்மோக்கிங்க இவருக்குக் குடுத்துட்டு, பக்கத்துல எனக்கு ஒண்ணு போடு.”

“இவர் யாரும்மா உங்களுக்கு?”

“எந்தம்பி.”

“கொஞ்சம் முன்னாடி அவர்கிட்ட கருவாடு வித்துட்டிருந்தீங்க.”

“தம்பிகிட்ட விக்கக் கூடாதா?”

பையன் குனிந்து சிரித்தான். ஒன்றாகப் போகிறவர்கள் என்றால் எடையைச் சேர்த்துப் பார்க்கலாம், பரவாயில்லை என்றான். இரண்டு பையும் மறுபடி சோதனை இயந்திரத்துக்குள் போய் வந்தன. அக்காவின் சூட்கேஸ் மேடையில் ஏறியது. முள் ஆடி நின்றது. இருபது. சுறாவில் ஒரு கூறையும் லேகிய டப்பாவையும் கையால் தூக்கிப் பார்த்தே கொத்தனார் பைக்கு மாற்றியிருந்தார்.

“எப்படிம்மா கரெக்டா?”

“பேப்பர் கடையில கத்துக்கினேன்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதோடு என் பாரம் பாதி இறங்கியது. நான் கையில் வைத்திருந்த அவருடைய புடவைகளில் இரண்டும் கொத்தனார் பைக்குள் இடம் பிடித்திருந்தன.

உள்ளே போவதற்கு முன் தடுப்போரம் வந்தார். “அந்தாளுகிட்ட சொல்லிடு, நான் ஜன்னல்ல இல்லன்னு. வெய்யில்ல வீணா கைய ஆட்டிக்கினு நிக்கப் போவுது.”

பஸ் பிடித்து, இறங்கி, குப்பத்துச் சந்துகளில் ஓடினேன். மணலை மிதித்தபோது விமானம் தலைக்கு மேலே போய்க் கடலுக்குள் சின்னதாகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர் கட்டுமரத்தைக் கரையேற்றினார். “ஆட்டுனேன் தம்பி. கை கடுக்கற வரைக்கும் ஆட்டுனேன்” என்றார். நான் ஜன்னல் விஷயத்தை விழுங்கிவிட்டேன்.

எட்டு நாள் போன் வரவில்லை. அவர் தினமும் கரையிலிருந்து நேரே பூத்துக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். ஒன்றும் கேட்க மாட்டார், போனைப் பார்ப்பார், போவார். ஒன்பதாம் நாள் மணி அடித்தது.

அக்கா முதலில் பேப்பர் கடைக்காரரை விசாரித்தார். பிறகு விமானக் கதை. கிளம்பும் வரைக்கும் கொத்தனார் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாராம். மேலே ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க வந்து பாருங்கக்கா” என்று இவரைத் தாண்டவிட்டாராம். “ஒரே பளபளன்னு கீது நைனா, கட்டுமரமும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. அந்தாளு கேட்டா செவப்பா தெரிஞ்சிதுன்னு சொல்லு, பாவம்” என்றார். அந்தக் குரலை ரிசீவர் இல்லாமலே குப்பம் வரைக்கும் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்காரர் கூண்டுக்குள் இன்னும் கொஞ்சம் தலையை நீட்டினார். கை கடுக்க ஆட்டிய அதே மனிதர், “தெரியாதுமே” என்றார் ரிசீவரைப் பார்த்து. “நீ போவ சொல்ல வல சிக்கிக்கிச்சி. நான் குனிஞ்சிக்கினு இருந்தேன்.”

மஸ்கட்டிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு. இவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கும்போது, கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கிறோம் என்பது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. “அக்கா, பாப்பாவுக்குப் பால்...” என்று நான்தான் ஆரம்பித்தேன். அதற்குத்தான், அத்தெல்லாம் அப்பால பேசிக்கலாம், லைன வச்சிடாத என்றார்.

நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு. மகளின் குரல் ஏதோ மெதுவாகச் சொன்னது. நான் ரிசீவரைத் திருப்பிப் பிடித்தேன். வீட்டுக்காரர் காதும் என் காதும் அதில் ஒட்டிக்கொண்டன, மீன் வாடையோடு. அக்கா போனைப் பேத்தியின் வாயோரம் கொண்டுபோய் வைத்தார். மடக், மடக் என்று விழுங்குகிற சத்தம், நடுவில் மூக்கால் ஒரு மூச்சு, மறுபடியும் மடக், மடக். அக்கா போனை அப்படியே பிடித்துக்கொண்டு, முதன்முறையாக, சத்தமே போடாமல் இருந்தார்.