மாப்பிள்ளையின் பெட்டி

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் பெண் அழவேண்டும். மேலப்பாளையத்தில் என் சாச்சிகள் எல்லோரும் அப்படி அழுதுகொண்டுதான் வண்டியேறிப் புருஷன் வீடு போனார்கள். அதனால் இலங்கையில், சாய்ந்தமருதில், நான் தங்கியிருந்த வீட்டு அக்காவுக்கு, நான் ராத்தா என்று கூப்பிடுபவளுக்கு, கல்யாணம் நிச்சயமானபோது, அவள் சிரித்த முகமாய்த் திரிந்தது எனக்கு விளங்கவேயில்லை. அவளுக்கும் சேர்த்து நானே அழத் தொடங்கினேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார்; படுக்கையும் கடையிலேயே. ஊரில் உம்மா நோயில் விழுந்ததும், எட்டு வயதுச் சிறுமியான என்னைக் கப்பலேற்றிக் கூட்டிவந்து, பழக்கமான இந்தக் குடும்பத்தில் விட்டார். அவர்கள் பேசியதும் தமிழ், தொழுததும் எங்களைப் போலத்தான். ஆனால் தயிரில் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டு, வாழைப்பழத்தையும் சேர்த்துச் சோற்றோடு பிசைந்து தந்தார்கள். "ஓம்" என்று சொல்லும் அந்த ஊரில் நான் "ஆமா" என்று சொல்வதைக் கேட்பதற்கென்றே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு வருவார்கள். இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தலைசீவி, தன் பாயிலேயே படுக்கவைத்துக்கொண்டவள் ராத்தா. அவளும் போய்விட்டால் அந்த நாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கல்யாணத்தன்று மாலை வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பெண்கள் குரவையிட்டார்கள். நான் அறைக்குள் ஓடி, ராத்தாவின் தகரப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பெட்டி போகாமல் பெண் போகமாட்டாள் என்பது என் கணக்கு.

வண்டியோடு வந்தவர்களோ ஒரு பெட்டியைச் சுமந்துவந்து என் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். பின்னாலேயே ராத்தாவின் உம்மா வந்தார். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன்; அவர் என்னைச் செல்லமாக 'மனே' என்பார்.

"ஏன் மனே, பெட்டிக்கு மேல குந்தியிரிக்காய்?"

"ராத்தாவக் கொண்டுபோவ விடமாட்டேன்."

மாமிக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. "அவள் எங்க மனே போற? இது அவள்ட ஊடுதானே. மாப்புள்ளதான் இஞ்ச வந்திரிக்கார்."

அது மாப்பிள்ளையின் பெட்டி. எனக்கு வந்த நிம்மதியில் அன்றைக்குச் சோற்றை இரண்டாம் முறையும் வாங்கித் தின்றேன்.

சில நாட்களில் மாமியும் மாமாவும் பாய், தலையணை, சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு வளவின் பின்புறத்தில் தென்னோலை முடைந்து வேய்ந்திருந்த கிடுகு வீட்டுக்குக் குடிபோனார்கள். அதை ஆடு கட்டுவதற்குப் போடுகிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். மகளுக்குக் கொடுத்த வீட்டில் இனி நமக்கென்ன வேலை என்பதுபோல மாமி நிம்மதியாக அங்கே அடுப்பு மூட்டினார். நான் விடுவேனா? வந்த மாப்பிள்ளைதான் அவர்களைத் துரத்திவிட்டார் என்று முடிவுகட்டி, மச்சான் என்று கூப்பிடச் சொல்லியிருந்த அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

மச்சான் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்த வீட்டில் அவர் தரைக்கு வலிக்கும் என்பதுபோல நடந்தார். தாகமெடுத்தாலும் தண்ணீர் கேட்கமாட்டார். பெரிய மீன்துண்டு அவருடைய தட்டில்தான் விழும். ராத்தா அந்தப் பக்கம் திரும்பியதும் அதில் பாதியை என் தட்டுக்குத் தள்ளிவிடுவார். ஒரு வாரம்கூட என் கோபம் தாக்குப்பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிணற்றடியில் கேட்டார்: "ஒனக்கு உம்மாட நெனப்பு வாறல்லியா?"

வந்தது. ஆனால் அழுகைக்காரி என்ற பெயரை ஏற்கெனவே எடுத்திருந்ததால் "இல்லை" என்றேன்.

"எனக்கு வருகுது" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் உம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். மச்சானுடைய உம்மாவோ பள்ளிவாசலைத் தாண்டி அடுத்த தெருவில். அங்கே மீன் பொரித்தால் இங்கே மணக்கும். ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன். ராத்தா சிரித்தாள், மாமா சிரித்தார், கிடுகு வீட்டிலிருந்து மாமியும் சிரித்தார். மச்சானும் சிரித்துவிட்டு, ஜும்மாவுக்குச் சட்டை மாற்றப் போனார்.

ராத்தா எத்தனையோ முறை சொல்லியும் அவர் தன் உடுப்புகளை அலுமாரிக்கு மாற்றவேயில்லை. கொண்டுவந்த பெட்டியிலிருந்து எடுப்பார், உடுத்துவார், துவைத்து மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பார். அலுமாரியில் அவ்வளவு இடம் இருக்க இந்த மனிதர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த என் பெட்டியைத் திறந்து பாவாடையைத் தேடிக்கொண்டே, நான் யோசித்தேன்.