அக்காவுக்கு விழுந்த பூ

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில், ஆடித் திருவிழாவுக்குக் கரகம் எடுப்பவரை ஊர் நியமிப்பதில்லை. அம்மன் காட்ட வேண்டும். சிலையை வாசலுக்குக் கொண்டுவந்து, தலையில் ஒரு செவ்வரளிப் பூ வைப்பார்கள். விரதமிருந்தவர்கள் மஞ்சள் தண்ணீரில் நனைந்து ஒவ்வொருவராக எதிரே நிற்பார்கள். யார் நிற்கும்போது பூ விழுகிறதோ, கரகம் அவருக்கு.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம், முன்பு பூ விழுந்து பல வருடமாகக் கரகம் எடுத்துவந்தவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு மூன்று பேர் நின்றோம். நான் கடைசி. பூசாரி வேண்டியவருக்குப் பூவைத் தளர்த்தி வைத்துவிடுவார் என்று பேச்சு கிளம்பியதால், ஊர்ப் பெரியவர் சந்தனம் அப்பிப் பூவை ஒட்டி வைக்கச் சொன்னார்.

உடுக்கை அடித்தார்கள். மூவரும் இரண்டு சுற்று நின்றோம். பூ அசையவில்லை. கரகம் இல்லையென்றால் திருவிழாவும் இல்லை. கூட்டத்தில் ஒருவர், ஆத்தாவுக்கு இந்த மூஞ்சிகளைப் பிடிக்கவில்லை, ஒரு வருடம் லீவு விடுங்கள் என்றார்.

எங்கள் மேல் தண்ணீர் ஊற்றியவள் என் அக்கா. பிள்ளை இல்லையென்று புதுவாயலிலிருந்து மாமியார் திருப்பி அனுப்பியவள். பூஜைத் தட்டைத் தொட அவளை விடமாட்டார்கள், தண்ணீர் தூக்கலாம். மூன்றாம் சுற்றுக்காகக் குடத்தோடு வந்தவள், சிலைக்கு நேராக ஒரு நிமிடம் நின்றாள். பூ விழுந்தது.

"சந்தனம் காஞ்சிப்போச்சிய்யா, அதான் வுயுந்துச்சி," என்றார் பெரியவர். "பொம்பள கரகம் எடுத்து எங்கனா பாத்துக்கிறியா?"

புதுச் சந்தனம் குழைத்து மறுபடி அப்பினார்கள். நாங்கள் நின்றோம், விழவில்லை. பூசாரி அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அவள் குடத்தை இறக்கிவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். பூ அம்மனின் வலது தோளில் சறுக்கித் தரையில் விழுந்தது. அதில் ஒட்டியிருந்த சந்தனம் ஈரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தவன் நான்.

உடுக்கைக்காரர் அடிக்க மறந்து நின்றார். எடுப்பாயா என்று பெரியவர் கேட்டார், குரல் தணிந்து.

"நா கேக்கலிங்க," என்றாள் அக்கா. "ஆத்தா கூப்ட்டா போவாம எப்டி?"

அந்தக் கரகத்துக்கு நானும் ஆசைப்பட்டுத்தான் விரதம் இருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும்தான். இடுப்பிலிருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்துச் சும்மாடு சுருட்டினேன். திருவிழாவன்று அதை அவள் தலையில் வைத்துக் கரகத்தைத் தூக்கி வைத்தவனும் நான்தான்.

கையால் பிடிக்காமல் தெரு முழுக்க ஆடி வந்தாள். வீட்டுக்கு வீடு பெண்கள் அவள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். தேரடியில் குடத்தோடு நின்றவர்களில் திருவிழாவுக்கு வந்திருந்த புதுவாயல் மாமியாரும் இருந்தாள். தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து கும்பிட்டாள். அக்கா மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போலவே அவளுக்கும் ஒரு கொத்து வேப்பிலை கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். கரகம் ஆடியதே தவிர, சாயவில்லை.