மூணு தடவை கேட்டேன் மேஸ்திரி

லாரிக்காரர்கள் எனக்குச் சத்தம் அனுப்புவார்கள். நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு இது தினப்படி வேலை. எங்கோ மகாராஷ்டிரத்தில் வண்டியை ஓரங்கட்டி, போனை அடியில் நீட்டிப் பதிவு பண்ணி, "அண்ணா, இது எங்கிருந்து வருதுங்க?" என்று கேட்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஒரு இரைச்சலுக்குள் நாலைந்து சத்தம் இருக்கும். ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனால் கடைசியில் நோவு உள்ளது மட்டும் நிற்கும். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு சரி. காது மட்டும் மேலே படித்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் காதுதான் என்னை இந்தச் சங்கீதத்தில் கொண்டுபோய் விட்டது. ஒருநாள் போனில் எதையோ தேடப்போக, இரண்டு வயலின், ஒரு வயோலா, முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் ஒரு செல்லோ என்று நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை வந்து விழுந்தது. பாடுகிறவர் இல்லை, தாளம் போடுகிறவர் இல்லை. முதலில் வெறும் இரைச்சல். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்தால் நாலு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார், மூன்றாமவர் சமாதானம் பண்ணுகிறார். எங்கள் பக்கம் "நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று பயந்தே பாதி ஆயுசு போய்விடும். அந்த நாலு பேர் என்னதான் சொல்கிறார்கள் என்று காதாரக் கேட்டது அன்றைக்குத்தான்.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் வயலின் பின்னால் போகாதீர்கள். அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி, எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது வயலினைப் பிடியுங்கள். பந்தலுக்குப் பின்னால் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிற பங்காளி அது. அதைப் பிடித்துவிட்டால் மற்ற மூன்றும் தானாக வரும்.

அங்கிருந்து டாங்கோவுக்குப் போனேன். அர்ஜென்டினாவில் ஜோடியாக ஆடுகிறவர்களுக்கான இசை. பழைய குழுக்களில் கொட்டு கிடையாது, வயலின் வில்லும் பியானோவுமே அடி எடுத்துக் கொடுக்கும். நடுவில் பாண்டோனியன் என்று ஒரு பெட்டி, நம் ஆர்மோனியத்துக்குப் பெரியப்பன் மகன் மாதிரி. இழுத்து மடித்து வாசிப்பார்கள். அது மூச்சு வாங்குவது கேட்கும்.

கேட்டாயிற்று. யாரிடம் சொல்வது? வீட்டில் போட்டேன். "எழவு ஊட்டுச் சத்தமாட்ட இருக்குது, நிறுத்துங்க" என்றாள் மனைவி. பட்டறையில் போட்டேன். "அண்ணனுக்கு ஏதோ ஆகிப்போச்சு" என்றார்கள்.

அப்போதுதான் சூரமங்கலத்திலிருந்து ஒரு சார் தன் பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என் மேஜையில் நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன மேஸ்திரி இது, ஒருத்தன் இழுக்க ஒருத்தன் விட்டுக் குடுக்கறான்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எனக்கும் அனுப்புங்க" என்று அவரே கேட்டார்.

இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் ஒன்று அனுப்பினேன். கூடவே எதைக் கவனிக்க வேண்டும் என்று நீளமாக எழுதுவேன். ஒரு வரி எழுத மூன்று வரி அழிப்பேன். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிடும். "அந்த ரெண்டாவது வயலின் கலங்க வெச்சிருச்சு." "இன்னிக்கு நாலு பேரும் சண்டை போட்டு ராசியாயிட்டாங்க." உலகத்தில் என்னோடு சேர்ந்து ஒரு ஆள் கேட்கிறார். திங்கட்கிழமை கிரீஸில் கை வைக்கும்போதுகூட அந்த நினைப்பு ஒரு தெம்பாக இருக்கும்.

போன ஆடியில் ஒரு ஞாயிறு. டாங்கோ ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அதே நேரம் ஒரு லாரியின் டிஃபரென்ஷியல் சத்தமும் வந்திருந்தது. பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி அது. அதை, பெட்டி பிரிப்பதில் கைதேர்ந்த ஒரு தம்பிக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் போனில் பக்கத்துப் பக்கத்தில் பெயரில்லாமல் வெறும் எண்ணாக நின்றன. மாற்றி அனுப்பிவிட்டேன்.

தம்பிதான் முதலில் கூப்பிட்டான். "ஏனுங்கண்ணா, இந்த வண்டியில எங்கியோ காத்து லீக் ஆகுதுங்களே. பியானோ வேற ஏத்திக்கிட்டுப் போறானுங்களா?"

எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. சிரித்து முடிப்பதற்குள் சாரிடமிருந்து பதில் வந்தது. "அந்தப் பெட்டி மூச்சு வாங்கறது நெஞ்சை அறுக்குது. மூணு தடவை கேட்டேன் மேஸ்திரி."

சாருக்குப் போயிருந்தது பல் தேய்ந்த சக்கரத்தின் ஊளை. பெட்டியின் மூச்சைப் பற்றிக் கூட அனுப்பிய வரிகளில் எழுதியிருந்தது நான்.

அடுத்த நாள் பஸ் ஏறிச் சூரமங்கலம் போனேன். சந்தேகத்தை வைத்துக்கொண்டு பட்டறையில் நிற்க முடியவில்லை. அவர் வீட்டில் காபி வந்தது. "நேத்து அனுப்பினதைப் போடுங்க சார், சேர்ந்து கேப்போம்" என்றேன். கண்ணாடியைத் தேடுவதாக உள்ளே போனார். போன் மேஜையிலேயே திறந்து கிடந்தது. அடுத்தவர் போனைத் தொடுவது தப்பு, தெரியும். தொட்டேன்.

நான் அனுப்பிய ஒவ்வொன்றின் மேலும் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. இறக்கிக் கேட்டால் அது மறைந்துவிடும். மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆடி, மாசி, அதற்கு முந்தின தீபாவளி. அம்பு, அம்பு, அம்பு. ஒன்றைக்கூட அவர் இறக்கவில்லை. அவர் எழுதிய பதில்களை இப்போது என் வரிகளுக்கு அடியில் வைத்துப் படித்தேன். என் சொல்லையே முன்பின் மாற்றிப் போட்டிருந்தார்.

சார் வந்து நின்றார். கண்ணாடி போட்டிருந்தார்.

"ஒண்ணுகூடவா சார்?"

எதிரில் உட்கார்ந்தார். "மொத நாள் உங்க பட்டறையில கேட்டதுதான். அதுக்கப்புறம் நீங்க எழுதறதே போதும்னு தோணுச்சு. அதைத்தான் ரெண்டு மூணு தடவை படிப்பேன். அது பொய்யில்ல."

"அப்ப 'படிச்சேன்'னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்திருவீங்களோன்னு."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடன் மேல் யாருக்கு என்ன கோபம் வரும்? சங்கு பிரமாதம் என்று இரண்டு வருடம் சொன்னவரிடம்தான் ஆறவில்லை. தம்பி கிண்டல் பண்ணினான்தான், ஆனால் கேட்டுவிட்டுப் பண்ணினான்.

"இப்ப கேக்கறேன்" என்று அவராகவே போனை எடுத்தார். கடைசியில் இருந்த அம்பை அழுத்தினார். டிஃபரென்ஷியல் ஊளையிட்டது. நான் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டார். நான் எப்படிக் கேட்கச் சொல்லி எழுதினேனோ அப்படியே.

கண்ணைத் திறந்தவர் மெல்லக் கேட்டார். "இது பாட்டு இல்லையே, மேஸ்திரி. என்ன இது?"

"பல்லு போச்சுங்க சார். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

"சரி பண்ண முடியாதா?"

"இதைச் சரி பண்றதில்லைங்க. மாத்தித்தான் ஆகணும்."

காபி ஆடை கட்டியிருந்தது. குடிக்காமலே எழுந்து ஜங்ஷன் ஸ்டாப்புக்கு நடந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று எடுத்து வைத்தேன். கையும் பழக்கத்தில் எழுதத்தான் போயிற்று. அழித்துவிட்டு நானே கேட்டேன். இரண்டாவது வயலின் வழக்கம்போல எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டு போனது.